நெஞ்சில் முளைத்த களை

காவேரிக் கரையில் வாழும் குடும்பங்களைக் கலங்க வைக்கும் சொற்கள் சில உண்டு. "மேட்டூரில் தண்ணீர் இல்லை" என்பது ஒன்று. "கொள்ளிடக் கரை உடைப்பெடுத்துவிட்டது" என்பது மற்றொன்று. இவை இரண்டும் ஊருக்கெல்லாம் பொதுவான துன்பங்கள். ஊராருடன் சேர்ந்து அழுதுவிட்டு, அடுத்த வருஷத்தை நம்பி எழுந்து நிற்கலாம். ஆனால் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு குடும்பத்தின் காதில் மட்டும் விழுகிற சொல் வேறொன்று இருக்கிறது. "புற்று நுரையீரலுக்குப் பரவிவிட்டது" என்பதே அச்சொல்.

அதைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர், "இனி என்ன இருக்கிறது? கடைசி நாட்களை வீட்டிலாவது கழிக்கட்டும்" என்று நோயாளியை ஊருக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். வேறு சிலர், இருக்கிற இரண்டு வேலி நஞ்சையில் ஒன்றை விற்று, "எங்கே வேண்டுமானாலும் போவோம், நெஞ்சைக் கிழித்தாவது அதை எடுத்துவிடட்டும்" என்று புறப்பட்டுவிடுகிறார்கள். முதல் கூட்டத்தார் செய்வது அன்பினால்தான். இரண்டாவது கூட்டத்தார் செய்வதும் அன்பினால்தான். ஆயினும் இருவருமே ஒரு விஷயத்தை விசாரிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நுரையீரலுக்குப் பரவிய புற்றை அறுத்து எடுப்பதால் நன்மையடையக்கூடியவர்கள் சிலர் உண்டு. அடைய முடியாதவர்கள் பலர் உண்டு. நம் வீட்டு நோயாளி இவர்களில் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி. அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கு வேண்டிய அளவு செய்திகளை இங்கே சொல்ல முயல்வோம்.

விதை பரவும் வழி

கல்லணையில் பிரிந்து வரும் தண்ணீர், ஆறாகவும் வாய்க்காலாகவும் கன்னி வாய்க்காலாகவும் கிளைத்துக் கிளைத்து வயலை அடைகிறது. வயலில் மிஞ்சிய நீர் வடிகால்களில் இறங்கி, சிறு வடிகால் பெரு வடிகாலில் சேர்ந்து, கடைசியில் கடலை அடைகிறது. மனித தேகத்திலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். இருதயத்திலிருந்து புறப்படும் நல்ல ரத்தம் நாடிகளில் கிளைத்து அங்கங்களை ஊட்டுகிறது. பயன்பட்டுத் தீர்ந்த ரத்தம் சிரைகளாகிய வடிகால்களில் திரும்புகிறது. ஒரே ஒரு வித்தியாசம்: இந்த வடிகால் கடலுக்குப் போவதில்லை. இருதயத்தின் வலப்புறத்தை அடைந்து, அங்கிருந்து நேரே நுரையீரலுக்குள் செலுத்தப்படுகிறது. தேகத்தின் மூலை முடுக்குகளிலிருந்து வரும் ரத்தமெல்லாம், மறுபடியும் அங்கங்களுக்குச் செல்வதற்கு முன், மயிரிழையினும் மெல்லிய நுரையீரல் நாளங்களின் வழியாக வடிகட்டப்பட்டே ஆகவேண்டும்.

வெள்ளம் வரும்போது ஆகாயத் தாமரை எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத் தஞ்சைக் குடியானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதகின் கண்ணில் அடைந்துகொள்கிறது. அதுபோலவே, எலும்பிலோ, சிறுநீரகத்திலோ, மார்பகத்திலோ உண்டான புற்றிலிருந்து பிரிந்து ரத்தத்தில் மிதந்து வரும் அணுக்கள், நுரையீரலின் மெல்லிய நாளங்களில் தங்கிவிடுகின்றன. குடலிலிருந்து வரும் ரத்தம் மட்டும் முதலில் ஈரலுக்குள் சென்று பிறகே இருதயத்தை அடைகிறது. ஆகையால் குடற்புற்று பெரும்பாலும் முதலில் ஈரலையும், பிறகு நுரையீரலையும் பற்றுகிறது.

தங்கிய அணுக்களெல்லாம் முளைத்துவிடுவதில்லை. 1889-ஆம் வருஷத்தில் லண்டனில் ஸ்டீபன் பாஜெட் என்ற ரண சிகிச்சை நிபுணர், மார்பகப் புற்றினால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். புற்று கண்ட இடத்திலெல்லாம் பரவாமல், சில அங்கங்களையே நாடிப் போய் முளைப்பதை அவர் கவனித்தார். அதற்கு அவர் கூறிய உவமை நம் வயற்காட்டு உவமையே. செடி விதையாகிப் பரவும்போது விதைகள் நாலா பக்கமும் போகின்றன. ஆனால் தனக்கு ஏற்ற நிலத்தில் விழுந்த விதைதான் பிழைக்கிறது என்றார் அவர். "விதையும் நிலமும்" என்ற அந்தக் கொள்கை இன்றளவும் புற்றுநோய் ஆராய்ச்சியில் செல்வாக்குடன் விளங்குகிறது. நுரையீரல் பல புற்றுகளுக்கு ஏற்ற நிலமாக அமைந்துவிட்டது நமது துரதிர்ஷ்டம்.

இங்கே ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொள்வது அவசியம். முழங்கால் எலும்பில் தோன்றிய புற்று நுரையீரலில் முளைத்தால், அது நுரையீரற் புற்று ஆகிவிடாது. நுரையீரலில் வளரும் எலும்புப் புற்றே அது. கோரை எந்த வயலில் முளைத்தாலும் கோரைதான். ஆகவே அதற்குரிய மருந்தும் சிகிச்சையும், அது முதலில் பிறந்த இடத்தை வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன. முகத்திலோ மார்பிலோ காணப்படாத தொலைவில் பிறந்த நோய் என்பதனால், முதல் நோயின் காகிதங்களை இரண்டாவது வைத்தியரிடம் காட்டாமல் இருப்பது பெரும் தவறாகும்.

கத்தி துணிந்த வரலாறு

நெஞ்சைத் திறப்பது என்பது ஒரு காலத்தில் உயிரைத் திறந்துவிடுவது போலவே கருதப்பட்டது. விலா எலும்புகளுக்கிடையே துவாரம் செய்தவுடன் வெளிக்காற்று உட்புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். நோயாளி மூச்சுத் திணறிப் போவான். அப்படிப்பட்ட காலமாகிய 1882-இல், வியன்னா நகரில் வைன்லெக்னர் என்ற நிபுணர், மார்புக் கூட்டில் வளர்ந்த ஒரு புற்றை அறுக்கும்போது நுரையீரலிலும் கட்டிகள் இருக்கக் கண்டு அவற்றையும் எடுத்தார். நோயாளி ஒரு நாளைக்குமேல் பிழைக்கவில்லை. இரண்டொரு வருஷங்களுக்குள் ஜூரிச் நகரில் க்ரோன்லைன் என்பவர் அதே போன்ற ரண சிகிச்சை செய்தார். அந்த நோயாளி ஏழு வருஷம் உயிர் வாழ்ந்தார். இவை இரண்டும் எதிர்பாராமல் செய்ய நேர்ந்தவை. பரவிய கட்டியை எடுப்பதையே நோக்கமாகக் கொண்டு தனியாகச் செய்யப்பட்ட ரண சிகிச்சைக்கு 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை ஐரோப்பாவில் டிவிஷ் என்பவர் செய்தார்.

உலகத்தின் கவனத்தைக் கவர்ந்த சம்பவம் அமெரிக்காவிலே பாஸ்டன் நகரில் நடந்தது. பார்னி, சர்ச்சில் என்ற இரு நிபுணர்கள், சிறுநீரகப் புற்று நுரையீரலுக்குப் பரவியிருந்த ஒரு பெண்மணிக்கு, 1930-களில் சிறுநீரகத்தையும் நுரையீரலில் பற்றியிருந்த பகுதியையும் தனித்தனியே அறுத்து எடுத்தார்கள். 1939-இல் அதைப் பிரசுரித்தார்கள். அந்த அம்மாள் இருபத்து மூன்று வருஷம் உயிர் வாழ்ந்து, கடைசியில் இருதய நோயினாலே காலமானார். புற்று மீண்டும் வரவேயில்லை. பரவிய பின்னும் ஒருவர் பிழைக்கலாம் என்பதற்கு அவருடைய வாழ்க்கை அத்தாட்சியாயிற்று.

ஆனால் ஒருவர் பிழைத்தார் என்பதைக் கொண்டு அனைவரும் பிழைப்பார்கள் என்று சொல்லிவிட முடியாதல்லவா? 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் பணிபுரிந்த அலெக்ஸாண்டர், ஹெயிட் என்போர் இத்தகைய நோயாளிகள் பலரின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டு, யாருக்கு இது தகும் என்ற விசாரணையைத் தொடங்கினார்கள். 1965-இல் மேயோ ஆஸ்பத்திரியின் தாம்ஃபோர்டும் அவருடைய சகாக்களும் அந்த விதிகளைத் தெளிவாக வகுத்தார்கள். இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவது, சிற்சில மாறுதல்களுடன், அந்த விதிகளையே.

நான்கு கேள்விகள்

அவ்விதிகளை நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடிய நான்கு கேள்விகளாகச் சொல்லலாம்.

முதலாவது: புற்று முதலில் பிறந்த இடத்தில் அது அடக்கப்பட்டுவிட்டதா, அல்லது அடக்கக்கூடியதா? மேட்டு வயலில் கோரை மண்டிக் கிடக்கும்போது பள்ள வயலில் களையெடுப்பதால் என்ன பிரயோசனம்?

இரண்டாவது: நுரையீரலைத் தவிர வேறெங்கும் பரவவில்லை என்பது நிச்சயமா? எலும்பிலும் மூளையிலும் முளைத்திருந்தால் நெஞ்சை அறுப்பது நோயாளிக்கு வேதனையைத்தான் கூட்டும். குடற்புற்றில், ஈரலில் உள்ளதையும் முற்றிலும் எடுத்துவிட முடிந்தால் இதற்கு விலக்கு உண்டு.

மூன்றாவது: நுரையீரலில் உள்ள கட்டிகள் அனைத்தையும் மிச்சமின்றி எடுக்க முடியுமா? இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. கோரையைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டுக் கிழங்கை விட்டுவிட்டவன், பத்து நாளில் அதே கோரையைக் காண்பான்.

நான்காவது: எடுத்தது போக எஞ்சும் நுரையீரலைக் கொண்டு நோயாளி சௌக்கியமாக மூச்சுவிட முடியுமா? அவருடைய இருதயமும் தேகநிலையும் ரண சிகிச்சையைத் தாங்குமா?

இவற்றோடு ஐந்தாவதாக ஒரு கேள்வியும் இக்காலத்தில் கேட்கவேண்டியதாகிறது. கத்தியைவிட நல்ல வழி வேறு உண்டா என்பதே அது. தைராய்டு சுரப்பியில் பிறந்த சில புற்றுகள் நுரையீரலுக்குப் பரவினால், கதிர் வீசும் அயோடினை உட்கொள்ளச் செய்தே அழிக்கப் பார்க்கிறார்கள். கர்ப்ப சம்பந்தமான ஒருவகைப் புற்று நுரையீரலில் பரவியிருந்தாலும் மருந்தினாலேயே பெரும்பாலும் குணமாகிறது. இளைஞர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுக்கும் முதலில் மருந்துதான். மருந்துக்குப் பிறகு மிஞ்சி நிற்கும் கட்டியை எடுப்பதற்கே கத்தி.

ஐயாயிரம் பேரின் கணக்கு

அபிப்பிராயங்கள் ஒருபுறமிருக்க, கணக்கு என்ன சொல்கிறது? ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 18 ஆஸ்பத்திரிகள் ஒன்றுசேர்ந்து, இந்த ரண சிகிச்சை செய்துகொண்ட 5,206 பேரின் விவரங்களைத் திரட்டி 1997-இல் வெளியிட்டன. கட்டிகள் முழுவதும் எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 36 பேர் ஐந்து வருஷங்களுக்குப் பிறகும் உயிருடன் இருந்தார்கள். பத்து வருஷத்தில் 26 பேர். பதினைந்து வருஷத்தில் 22 பேர். முழுவதும் எடுக்க முடியாதவர்களிலோ, ஐந்து வருஷத்தைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 13 பேர்தான்.

முதல் நோய்க்குச் சிகிச்சை முடிந்து மூன்று வருஷம் கழித்துப் பரவியவர்கள், ஒரு வருஷத்துக்குள் பரவியவர்களைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள். ஒரே ஒரு கட்டி இருந்தவர்கள், நாலும் அதற்கு மேலும் இருந்தவர்களைவிட நன்றாயிருந்தார்கள். மெதுவாக வளர்ந்து, தாமதமாக வந்து, தனியாக நிற்கும் களையைப் பிடுங்குவது எளிது. சொல்லி வைத்தாற்போல் வயல் முழுதும் முளைப்பதைப் பிடுங்குவது வீண் உழைப்பு.

நோய் எது என்பதும் பெரிய வித்தியாசம் செய்தது. விதைப்பை முதலியவற்றில் தோன்றும் புற்றில் ஐந்து வருஷம் கண்டவர்கள் நூற்றுக்கு 68 பேர். குடல், சிறுநீரகம் போன்றவற்றின் புற்றில் 37 பேர். எலும்பு, தசைகளின் புற்றில் 31 பேர். தோலின் கறுப்பு நிறப் புற்றில் 21 பேர். ரண சிகிச்சையிலேயே இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருந்தார்கள். ஆனால் முழுவதும் எடுக்கப்பட்டவர்களிலும் பாதிப் பேருக்கு மேல் புற்று மறுபடி தலைகாட்டியது என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அவர்களில் சிலருக்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கூட நெஞ்சைத் திறந்து எடுத்திருக்கிறார்கள்.

முழங்காலில் தொடங்கும் துயரம்

இந்த ரண சிகிச்சையின் பெருமையும் அருமையும் நன்கு விளங்குவது எலும்புப் புற்றில்தான். அது பெரும்பாலும் வளரும் பருவத்துச் சிறுவர் சிறுமியரைப் பற்றுவது. முழங்காலுக்கு மேலோ கீழோ வீக்கமாகத் தோன்றுவது. 1970-களுக்கு முன்னால், உலகத்தில் மிகச் சிறந்த ஆஸ்பத்திரிகளிலே காலையே துண்டித்து எடுத்தும், நூற்றுக்கு எண்பது குழந்தைகள் நுரையீரலில் முளைத்த புற்றினால் இறந்தார்கள். கால் போன அன்றைக்கே கண்ணுக்குத் தெரியாத விதைகள் நெஞ்சில் விழுந்திருந்தன. நியூயார்க் நகரின் மெமோரியல் ஆஸ்பத்திரியில் மார்ட்டினி என்பவரும் அவருடைய சகாக்களும், நுரையீரலில் முளைத்த கட்டிகளை முளைக்க முளைக்க அறுத்து எடுத்துப் பார்த்தார்கள். 1971-இல் அவர்கள் வெளியிட்ட பலன், கையை விரித்துவிட்ட வைத்தியர்களை மறுபடி யோசிக்க வைத்தது. அதற்குப் பிறகு நல்ல மருந்துகளும் வந்து சேர்ந்தன. இப்பொழுது, நுரையீரலில் பரவிய கட்டிகளை முழுவதும் எடுக்க முடிந்த எலும்புப் புற்று நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறார்கள்.

ஆகையால் ஒரு வார்த்தை. பிள்ளைகள் விளையாடுமிடத்தில் விழுவதும், முழங்கால் வீங்குவதும் சகஜம். ஆனால் இரண்டு மூன்று வாரமாகியும் வற்றாத வீக்கம், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, இவை இருந்தால் எண்ணெய் போட்டு நீவுவதையும், மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவதையும் நிறுத்திவிட்டு, எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்க வேண்டும். புற்றாக இருந்துவிட்டால் நீவுவது கேடு செய்யும். கட்டுப்போட்டுக் காத்திருக்கும் மாதங்கள் அதைவிடக் கேடு செய்யும்.

நெஞ்சைத் திறக்கும் விதம்

முற்காலத்துப் பயங்கரம் இப்பொழுது இல்லை. மயக்க மருந்து கொடுப்பவர், இரட்டைக் குழாய் ஒன்றை மூச்சுக்குழலினுள் செலுத்துகிறார். அதன் உதவியால் ஒரு பக்கத்து நுரையீரலைச் சுருங்க விட்டு, மறு பக்கத்தைக் கொண்டு மூச்சு நடைபெறும்படி செய்யலாம். ஓடாத நீரில் களையெடுப்பது போல, அசையாத நுரையீரலில் நிபுணர் நிதானமாக வேலை செய்கிறார். விலா எலும்புகளுக்கிடையே வழி செய்து, நுரையீரலை விரல்களால் தடவிப் பார்த்து, படத்தில் தெரியாத சிறு கட்டிகளையும் கண்டுபிடிக்கிறார். கட்டியைச் சுற்றிச் சிறிதளவு நல்ல சதையையும் சேர்த்து ஆப்பு வடிவில் வெட்டி எடுக்கிறார். வெட்டிய விளிம்பை ஒரே சமயத்தில் தைத்துவிடும் இயந்திரம் உண்டு. வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. பெரிய கட்டியானால் ஒரு மடலையே எடுக்க நேரும். இயன்ற வரையில் நுரையீரலை மிச்சப்படுத்துவதே நிபுணர்களின் நோக்கம்; ஏனெனில் மறுபடி ஒரு முறை அறுக்க வேண்டியிருந்தாலும் இருக்கலாம்.

1990-களிலிருந்து வேறொரு முறையும் பரவியிருக்கிறது. இரண்டு மூன்று சிறு துவாரங்கள் வழியாக விளக்கும் காமிராவும் பொருத்திய குழலைச் செலுத்தி, திரையில் பார்த்துக்கொண்டே அறுக்கிறார்கள். வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் விரலால் தடவிப் பார்க்கும் சௌகரியம் அதில் இல்லை. ஒன்றிரண்டு கட்டிகளே உள்ளவர்களுக்கு அது ஏற்றது.

ரண சிகிச்சை முடிந்ததும் மார்பில் சில நாட்களுக்கு ஒரு குழாய் இருக்கும். உள்ளே தேங்கும் காற்றும் நீரும் அதன் வழியாக வெளியேறும். நோயாளி ஆழ்ந்து மூச்சு இழுத்துப் பழகவேண்டும், இருமிச் சளியை வெளியேற்ற வேண்டும், எழுந்து நடக்கவேண்டும். "பாவம், அசையாமல் படுத்திருக்கட்டும்" என்று வீட்டார் காட்டும் பரிவு இங்கே உதவாது. புகை பிடிப்பவராயின், ரண சிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்பே அதை விட்டிருக்க வேண்டும்.

கத்தியைத் தாங்கமாட்டாதவர்களுக்கு, கட்டியை மட்டும் குறிபார்த்துச் செலுத்தும் கிரண சிகிச்சையும், ஊசியை உள்ளே செலுத்திச் சூட்டினால் கட்டியைப் பொசுக்கும் முறையும் இப்போது இருக்கின்றன.

எதிர்க்கட்சியின் வாதம்

இத்தனையும் சொன்ன பிறகு, மறுபக்கத்து வழக்கையும் நேயர்கள் கேட்கவேண்டும். "நீங்கள் பொறுக்கி எடுத்த நோயாளிகள், ரண சிகிச்சை செய்யாவிட்டாலும் நெடுநாள் வாழ்ந்திருக்கக்கூடும், மெதுவாக வளரும் நோயுள்ளவர்களையே தேர்ந்தெடுத்துவிட்டு, வாழ்ந்ததற்குக் கத்தியே காரணம் என்று சொல்வது எப்படி?" என்று சில நிபுணர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அதைத் தீர்க்கும்பொருட்டு, குடற்புற்று நுரையீரலுக்குப் பரவியவர்களை இரு பிரிவாகச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ரண சிகிச்சையும் மற்றவர்களுக்கு அது இல்லாமலும் வைத்தியம் செய்து பார்க்கும் பரீட்சை பிரிட்டனை முதலாகக் கொண்டு நடந்தது. சேர முன்வந்தவர்கள் மிகக் குறைவானதால் அது பாதியில் நிறுத்தப்பட்டது. 2019-இல் வெளியான அதன் முடிவு 65 பேரைப் பற்றியது. அறுத்துக்கொண்டவர்களில் ஐந்து வருஷம் கண்டவர்கள் நூற்றுக்கு 38, அறுத்துக்கொள்ளாதவர்களில் 29. இத்தனை சிறு எண்ணிக்கையில் இந்த வித்தியாசத்தைக் கொண்டு எதையும் ருசுப்படுத்த முடியாது. ஆனால் ஒன்று தெளிவாயிற்று: அறுக்காவிட்டால் ஐந்து வருஷம் காண்பவர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இருக்கமாட்டார்கள் என்று நெடுநாளாக எண்ணிவந்தது சரியல்ல.

இதனால் ரண சிகிச்சை பயனற்றது என்றாகிவிடவில்லை. எலும்புப் புற்றைப் பற்றியோ விதைப்பைப் புற்றைப் பற்றியோ இந்தப் பரீட்சை எதுவும் சொல்லவில்லை. குடற்புற்றிலும் நிபுணர்கள் பலர் தகுந்தவர்களுக்கு ரண சிகிச்சை செய்துதான் வருகிறார்கள். ஆனால், "அறுத்தால் பிழைப்பார், அறுக்காவிட்டால் இறப்பார்" என்று யாராவது ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லி நிலத்தை விற்கச் சொன்னால், சற்று நின்று யோசிக்க நமக்கு உரிமை உண்டு என்பது இதிலிருந்து விளங்குகிறது.

நிழலெல்லாம் புற்றல்ல

நம் நாட்டவர்கள் விசேஷமாகக் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இங்கே காசநோய் இன்னமும் ஒழிந்தபாடில்லை. ஆறிப்போன காசநோயும் ஆறாத காசநோயும் நுரையீரற் படத்தில் நிழலாகவே தெரியும். புற்றுக்கு வைத்தியம் செய்துகொண்ட ஒருவரின் படத்தில் நிழல் கண்டவுடன், "பரவிவிட்டது" என்று முடிவு கட்டிவிடலாகாது. விலையுயர்ந்த நவீனப் படங்கள்கூடச் சில சமயம் காசநோயைப் புற்றென்று காட்டி ஏமாற்றிவிடும். ஐயமுள்ள இடத்தில் சதைத் துணுக்கை எடுத்து, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தே நிச்சயிக்க வேண்டும். மரண தண்டனை விதிக்கப்பட்டவர் போல் வீடு திரும்பிய ஒருவருக்கு, ஆறு மாத மாத்திரையில் தீரக்கூடிய காசநோயாக அது இருந்துவிடலாம். அதே போல், காசநோயென்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்க, உள்ளே புற்று வளர்ந்துவிடுவதும் உண்டு.

இன்னொரு வகையிலும் காசநோய்க்கும் நம் கதைக்கும் சம்பந்தம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நெஞ்சு வைத்தியம் வளர்ந்ததே காசநோயை எதிர்த்துத்தான். 1928-இல் டாக்டர் சவுரி முத்து தாம்பரத்தில் காசநோய் ஆஸ்பத்திரியை நிறுவினார். 1940-களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க நிபுணர் நெஞ்சு ரண சிகிச்சைக்கென்று தனிப் பகுதியை ஏற்படுத்தினார். இந்தியாவிலேயே அத்தகைய பகுதிகளில் அது முதன்மையானது. காசநோய்க்காகக் கற்ற கைத்திறன் பிறகு புற்றுநோய்க்கும் பயன்பட்டது.

புதுக்கோட்டை தந்த புதல்வி

தஞ்சைக்கு அடுத்த புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்று, 1927-இல் சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராகி, பெண்களின் உரிமைகளுக்காகப் போராடிய அம்மையார், தம் அருமைத் தங்கை புற்றுநோயினால் வருந்தி மடிந்ததைக் கண்ணாரக் கண்டவர். அந்தத் துக்கத்தை அவர் வீட்டிற்குள் வைத்துக்கொள்ளவில்லை. புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று வருஷக்கணக்கில் வாதாடினார். "பிழைக்காத வியாதிக்கு ஆஸ்பத்திரி எதற்கு?" என்ற மனப்பான்மையே அன்று எங்கும் நிறைந்திருந்தது. 1952-இல் ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அம்மையாரின் குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அவருடன் சேர்ந்து உழைத்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதைத் தேசத்தின் பெருமைக்குரிய ஸ்தாபனமாக வளர்த்தார்கள். சாந்தா அம்மையார் 2021-இல் காலமாகும் வரை அந்த ஆஸ்பத்திரியையே வீடாகக் கொண்டு வாழ்ந்தார்.

தஞ்சையிலும் 1950-களின் இறுதியில் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. இன்று புற்றுநோய்க்கு மருந்தும் கிரண சிகிச்சையும் பெறுவதற்கு எல்லோருமே பட்டணம் போகவேண்டிய அவசியமில்லை. ஆனால் நெஞ்சைத் திறந்து பரவிய புற்றை எடுப்பது, அதில் கை தேர்ந்தவர்கள் அடிக்கடி செய்யும் இடத்தில் செய்துகொள்ள வேண்டிய காரியம். புற்றுக்கு மருந்து கொடுப்பவர், கிரண சிகிச்சை செய்பவர், நெஞ்சு ரண சிகிச்சை நிபுணர், படங்களைப் பார்த்துச் சொல்பவர் ஆகிய நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து ஆலோசிக்கும் ஆஸ்பத்திரியே ஏற்றது. தஞ்சையில் இரவு ரயிலேறினால் விடியற்காலையில் சென்னை சேரலாம். சிகிச்சைக்காகப் பிரயாணம் செய்யும் புற்றுநோயாளிகளுக்கு ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்குரிய சான்றைக் கேட்டு வாங்கவேண்டும். அரசாங்கத்தின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் விசாரியாமல் நிலப் பத்திரத்தைக் கையில் எடுக்க வேண்டாம்.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

நுரையீரலுக்கு வலி தெரியாது. அதில் முளைக்கும் சிறு கட்டிகள் இருமலையோ நோவையோ உண்டாக்காமல் மாதக்கணக்கில் இருக்கும். இருமலும் மூச்சிரைப்பும் கண்ட பிறகு படம் எடுத்தால் அநேகமாகக் காலம் கடந்திருக்கும். ஆகையால், முதல் நோய் தீர்ந்தது என்று வீடு திரும்பியவர்கள், குறித்த தேதியில் தவறாமல் பரிசோதனைக்குப் போவதே அனைத்திலும் முக்கியம். நம் பக்கத்தில் அந்தத் தேதி குறுவை அறுப்பில் வந்துவிடும். அல்லது சம்பா நடவில் வந்துவிடும். "நடவு முடியட்டும், பொங்கல் கழியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறோம். ஒற்றைக் களையாக இருந்தது ஒரு போகத்திற்குள் பாத்தியை நிரப்பிவிடுகிறது.

பழைய படங்கள், பரிசோதனைக் குறிப்புகள், மருந்துச் சீட்டுகள் யாவற்றையும் ஒரே பையில் தேதிவாரியாக வைத்திருப்பது நன்று. இன்றைய நிழலைச் சென்ற வருஷத்து நிழலோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அது வளருகிறதா, நிற்கிறதா என்று நிபுணர் சொல்ல முடியும்.

"வேண்டாம், அறுப்பதால் பயனில்லை" என்று நிபுணர் சொன்னால், அதைக் கைவிட்டதாக எண்ணக்கூடாது. வலியைத் தணிக்கவும், மூச்சை எளிதாக்கவும், மருந்தினால் நோயை நாள்கடத்தவும் வழிகள் உள்ளன. வேறொரு நிபுணரின் அபிப்பிராயத்தைக் கேட்பதிலும் தவறில்லை. நல்ல வைத்தியர் அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். நோயாளியிடம் எதையும் சொல்லாமல் மறைத்துவைத்து, மகனும் மருமகனும் தாழ்வாரத்தில் நின்று முடிவு செய்வது நம் வழக்கம். திறக்கப்படுவது அவருடைய நெஞ்சு. அவருக்கும் ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு.

களை முளைத்தது என்பதற்காக எந்தக் குடியானவனும் வயலைத் தரிசாகப் போட்டுவிடுவதில்லை. ஒரு களைக்காகப் பயிர் முழுவதையும் பிடுங்கி எறிவதுமில்லை. வரப்பில் நின்று பார்த்து, எது பயிர், எது களை, எவ்வளவு பரவியிருக்கிறது, எடுத்தால் தீருமா என்று நிதானித்த பிறகே இறங்குகிறான். அந்த நிதானம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலும் நமக்கு வேண்டும்.